மழைத் தடிமலுக்குத் துண்டு இல்லை

என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் கௌசல்யா போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, பழைய பதிவுப் புத்தகத்துல தனலெட்சுமிங்கிற பேருக்குப் பக்கத்துல மாசாமாசம் 'ஜன்னல்'னு எழுதியிருக்கீங்களே, அது என்ன மருந்துக்கா?" என்று கேட்டாள்.

மருந்தில்லை என்று மட்டும் சொன்னேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தொலைபேசியில் பேச வராது. நேரிலும் அவ்வளவாக வராது. "எழுதி அனுப்புறேன் தங்கச்சி" என்று வைத்துவிட்டேன். அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது. நீண்டுவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்து நான்கு வருஷம் உதவியாளராக இருந்தேன். ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றது. இருபத்தோராம் வயதில் சேர்ந்தேன். போத்தல் கழுவவும் காயம் துடைக்கவும் மாத்திரை எண்ணவும் ஆறு மாதத்தில் பழகிக்கொண்டேன். பதிவுப் புத்தகம் எழுத ஒரு வருஷம் ஆனது. கல்யாணம் அமையவில்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அத்தனை வருஷமும் இருந்தேன். போன வருஷம் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது பூண்டுலோயாவில் தம்பி வீட்டில் இருக்கிறேன். அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுவதும் நானும் வானொலியும்தான்.

டிஸ்பென்சரியை நடத்தியவர் அருள்நாதன் ஐயா. தோட்டத்து ஆட்களுக்கு அவர்தான் டாக்டர். அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் கையிலிருக்கும் பேனாவைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் நிறுத்துவார். அதை விழாமல் நிறுத்தும்வரை எதுவும் சொல்ல மாட்டார். அவர் ஒருவரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பேனா நிற்பதைப் பார்த்தால் நான் போத்தல் கழுவப் போய்விடுவேன்.

காலையில் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டிப் பெயர் பதியும் இடத்தில், வேலை பிரித்து முடிந்ததும் சீக்கு என்று சொன்னவர்கள் கீழே எங்களிடம் வருவார்கள். ஆளுக்கொரு போத்தல் கையில் இருக்கும். முன் விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதில் வந்த வரிசையில் உட்கார வைப்பேன். இருமுகிறவர், கால் வெட்டியவர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் ஒரே வாங்கில் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்காருவார்கள். குளிருக்கு அதுதான் இதமாகவும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்ப்பது என் வேலை. ஐயா தர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்க்க விட மாட்டார். துண்டு வாங்குவதற்காக வாசலில் நின்று சுடச்சுடத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாயைத் திறக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் கக்கத்தில்தான். "கக்கத்துக்குத் தேத்தண்ணி குடிக்கத் தெரியாதுங்கிறத ஐயா கண்டுபுடிச்சிட்டாரு" என்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவர் சொல்ல, வாங்கே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் கக்கத்தில்தான் வைத்தார்.

துண்டு என்றால் சின்னக் காகிதம். பெயர், என்ன சீக்கு, எத்தனை நாள் ஓய்வு என்று நான் எழுதுவேன், ஐயா கையெழுத்து வைப்பார். அதைப் பெரட்டில் காட்டினால்தான் வராத நாள் சீக்கு நாளாகும். இல்லாவிட்டால் வேலைக்கு வராத நாள்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தால் எங்கள் பக்கம் மூன்று மாதத்துக்கு விடாது. அந்த மூன்று மாதமும் மூக்கு ஒழுகாத ஆள் தோட்டத்தில் இருக்காது. அதற்கு மழைத் தடிமல் என்று பெயர். நனைந்ததால் வந்தது, காய்ந்தால் போய்விடும் என்று நினைப்பார்கள். அதை யாரும் சீக்கு என்று எண்ணுவதில்லை. டிஸ்பென்சரியிலும் எண்ணவில்லை. அதற்கெல்லாம் ஓய்வு கொடுத்தால் மலையில் கொழுந்தெடுக்க ஆள் இருக்காது. யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டு ஓய்வு கேட்டால் பதில் சொல்வது என் வேலை. "மழைத் தடிமலுக்குத் துண்டு இல்லீங்க." மழைக் காலத்தில் நான் ஒரு நாளில் பேசுவதில் பாதி இந்த வாக்கியமாகத்தான் இருக்கும். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கூச்சம் வராது. அது என் சொந்தப் பேச்சு இல்லை என்பதால் இருக்கலாம்.

இனி தனலெட்சுமி.

கொரோனா வருவதற்கு ஐந்தாறு வருஷம் முந்தி ஒரு காலை அவள் வாங்கில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வயது. நல்ல கொழுந்துக்காரி. இடது கால் முழுக்க அட்டை. நான் உப்புத் துணியை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"தெரியவே இல்லயா?"

"அட்டை கடிச்சா எப்பக்கா வலிச்சிருக்கு? பொறகு அரிக்கும். இது அரிக்கவும் இல்ல. கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கெடக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "கூடையில முத்தின இலையா கெடக்குன்னு கங்காணி ஏசுறாரு. கண்ணு தெரியலயாடின்னு கேட்டாரு. நெசமாவே ஒரு கண்ணுக்குத் தெரியலக்கா."

அதைக் கேட்டதும் ஐயா உள்ளே இருந்து எழுந்து வந்தார். எல்லாரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே கேட்டார். "முந்தாநாள் செய்ய முடிஞ்சதுல இன்னைக்கு எது முடியல?" அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். செருப்பு கழன்று போனது தெரியவில்லை. கூடையின் தலைக்கயிற்றை மாட்டக் கை தடுமாறுகிறது. ஐயா வெளியே போய் ஓரத்துச் செடியில் ஒரு கொழுந்தையும் ஒரு முற்றிய இலையையும் கிள்ளி வந்தார். ஒரு கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் காட்டினார். இரண்டும் வெயிலில் வெளுத்த துணி மாதிரி ஒரே நிறமாக இருக்கிறது என்றாள். ஐயா அங்கேயே நின்று கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

அங்கே தலையைப் படம் பிடித்து, முதுகில் நீர் எடுத்து, பல மாதம் கழித்துப் பெயர் சொன்னார்கள். மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் வாதம் என்றார்கள். ஐயா அவளையும் அவள் புருஷன் முருகையாவையும் உட்கார வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"பங்களாவுக்குப் போற டெலிபோன் கம்பி பாத்திருக்கீங்கல்ல? கம்பி அறுந்து போகல. மேல உள்ள ரப்பர் அங்கங்க உரிஞ்சிருக்கு. காஞ்ச நாள்ல பேச்சு கேக்கும். மழை பேஞ்சா கொரகொரன்னு இரையும். இவங்க நரம்பும் அப்படித்தான். ரப்பரத் தின்றது வெளியில இருந்து வந்த பூச்சி இல்ல. நம்ம ஒடம்புல காவலுக்கு இருக்கிறதே ஆள் தெரியாமக் கடிக்குது. அதனால காவலக் கொஞ்சம் அடக்கி வைக்கிற மருந்து குடுத்திருக்காங்க."

"அப்ப வெளிப் பூச்சி வந்தா?" என்று முருகையா கேட்டார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், கணக்கான ஆள்.

"அதான் பயம். நமக்கு மூணு நாள்ல போற காய்ச்சல் இவங்களப் படுக்கப் போட்ரும். காய்ச்சல் சூடு இருக்கே, அதுதான் அந்தக் கம்பிக்கு மழை."

கண்டி கிளினிக் கடிதத்தில் வருஷா வருஷம் புளூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி எழுதியிருந்தது. அது நம் பக்கம் எளிதில் கிடைக்காது. ஹட்டன் மருந்துக்கடையில் சொல்லி வைத்து வாங்க வேண்டும். சில வருஷம் கிடைத்தது, சில வருஷம் கிடைக்கவில்லை.

தனத்துக்கு மலை வேலை போய், நாற்று மேடையில் பைக்கு மண் நிரப்பும் லேசான வேலை கிடைத்தது. கண் பெரும்பாலும் திரும்பி வந்தது. கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். கண்டியில் எழுதும் மாத்திரையை ஐயா எடுப்பித்து எங்கள் அலமாரியில் வைத்திருப்பார். மாதம் ஒரு தரம் அவள் வந்து வாங்குவாள். மழைக் காலத்தில் வழுக்கும் படிகளில் இறங்க வேண்டாம் என்று சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நானே லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அதை ஐயா எனக்குச் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். ஒரு மாத மருந்தை நான்காகப் பிரித்து வாரம் ஒன்றாகக் கொண்டுபோனேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. தெரிந்திருக்கும். அந்த வாரம் முழுவதும் நான் பேசாத பேச்செல்லாம் அந்த அடுப்படியில்தான் வெளியே வரும்.

"இந்தக்கா பேசுறத டேப்புல புடிச்சு வைக்கணும். டிஸ்பென்சரியில போட்டுக் காட்டுனா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று தனம் சொல்வாள்.

கொரோனாவுக்கு இரண்டு வருஷம் முந்தி ஒரு மழைக் காலம். அந்த வருஷம் ஹட்டனில் ஊசி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று தரம் சொன்னார்கள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. வாங்கு நிறைந்து, விறாந்தைப் படியிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை எனக்கும் மூக்கு ஒழுகியது.

"என்ன, தொண்டை கட்டியிருக்கு?" என்று ஐயா கேட்டார்.

"மழைத் தடிமல்ங்கய்யா."

"மாஸ்க்க கட்டு."

காச நோய்க்காரர்கள் வரும்போது கட்டுவதற்கென்று துணி மாஸ்க் வைத்திருந்தோம். கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. இரவில் காய்ச்சல் காய்ந்தது. கக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்த்தவள் எனக்குப் பார்க்கவில்லை. இரண்டு பனடோல் மாத்திரை போட்டுப் படுத்தேன். சனிக்கிழமை எழுந்து நடக்க முடிந்தது. வேலைக்கு வந்தேன்.

மத்தியானம் கதவைப் பூட்டும்போது மாஸ்க்கைக் கழற்றி அதன் ஆணியில் மாட்டினேன். அது டிஸ்பென்சரிச் சாமான். வெளியே கொண்டுபோகும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மாத்திரை உறையை எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.

லயத்தில் தனத்தின் வீடான அந்தக் காம்பராவில் ஒரே ஒரு ஜன்னல். குளிர் வருகிறது என்று அதைப் பலகை அடித்து, மேலே சாக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் லயங்களில் பாதி ஜன்னல் அப்படித்தான் இருக்கும். உள்ளே புகையும் சூடும். அடுப்புக்கு முன்னால் இரண்டு பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். இரண்டு மணி நேரம் இருந்திருப்பேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை. தும்மினேன். அது ஞாபகம் இருக்கிறது.

"என்னாக்கா?"

"மழைத் தடிமல்."

"அதானே. இந்த மழைக்கு மலையே மூக்கச் சிந்துது."

செவ்வாய்க்கிழமை காலை அவளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முன்னால் முருகையா, பின்னால் பக்கத்துக் காம்பரா ஆட்கள் இரண்டு பேர். தனத்தை இரண்டு கம்பளியில் சுற்றி, தலையில் ஒரு துணி கட்டியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல். குளிருகிறது என்றதால் கம்பளி போட்டு, அடுப்போரம் படுக்க வைத்து, ஆவியும் பிடித்திருக்கிறார்கள். குளிர் ஊரில் காய்ச்சல்காரருக்கு யாரும் செய்வதைத்தான் செய்தார்கள். போடப் போடக் கால் விழுந்தது. பிறகு கை. காலையில் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நாக்கும் குழறியது.

"வாதம் திரும்பிருச்சுங்கய்யா" என்றார் முருகையா. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஐயா தர்மாமீட்டரை மூன்று தரம் உதறினார். அவள் கக்கத்தில் தானே வைத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி மற்றக் கையால் அவள் மூச்சை எண்ணினார். தர்மாமீட்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நூற்று மூன்று.

"கம்பளிய எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. தூக்கி வந்தவர்களில் ஒருவர், "குளுருல நடுங்குறாங்கய்யா, கம்பளிய எடுக்கச் சொல்றீங்களே" என்றார்.

"நடுங்குறது தெரியுது. எடுங்க. ஜன்னலத் தொறங்க."

நான்தான் எடுத்தேன். ஐயா பனடோலை விழுங்கவைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் கழுத்து, கக்கம், கை, கால் என்று துடைக்கச் சொன்னார். பச்சைத் தண்ணீர் கூடாது, நடுக்கம் கூடும் என்றார். தொழிற்சாலையில் லொறி கொழுந்து இறக்கிக்கொண்டிருந்தது. அது வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஐயா தன் இரண்டு விரலை அவள் உள்ளங்கையில் வைத்து, "புடி" என்றார். விரல் அசையவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு தாளில் குறித்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி, "புடி." ஒன்றுமில்லை. மூன்றாவது தரம் அவள் சுண்டுவிரல் லேசாக மடங்கியது. காய்ச்சல் நூற்று ஒன்றுக்கு இறங்கியிருந்தது. நான்காவது தரம் ஐயாவின் விரலை அவள் பிடித்தாள். பச்சைப் பிள்ளை பிடிக்கிற அளவுக்குத்தான்.

ஐயா முருகையாவைப் பார்த்தார். "பாத்தீங்களா? சூடு இறங்க இறங்கக் கை வருது. நோய் திரும்பி வந்திருக்குன்னு இப்பவே சொல்ல வேணாம். காய்ச்சல் பழைய கோளாற எல்லாம் கெளப்பி விடுது. ஆனா மூச்சு வேகமா இருக்கு, நெஞ்சுல சளி எறங்கியிருக்கு. அது வேற. அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

கடிதம் எழுத உட்கார்ந்தார். மாத்திரையின் பெயர், அது உடம்பின் காவலை அடக்கி வைக்கும் என்பது, காய்ச்சல் இறங்கிய கணக்கு, கை பிடித்த கணக்கு எல்லாம் எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"வீட்டுல யாருக்காவது காய்ச்சல் தடிமல்?"

"இல்லீங்கய்யா. நான், புள்ள, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார் முருகையா.

"வெளியில இருந்து யாராவது வந்து போனாங்களா? இது புளூவா இருந்தா முதல் ரெண்டு நாளைக்குள்ள குடுக்க வேண்டிய மருந்து ஒண்ணு இருக்கு. யாருக்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அங்க சீக்கிரம் முடிவு எடுப்பாங்க."

முருகையா யோசித்தார். சனிக்கிழமை அவர் வேலையில் இருந்தார்; வாராவாரம் மருந்து கொண்டுவரும் என்னை அவர் வெளியாளாக எண்ணியிருக்க மாட்டார். நான் ஈரத் துணியோடு தனத்தின் காலடியில் நின்றேன். தனம் கண்ணை மூடியிருந்தாள். குழறிக் குழறிச் சொன்னாள்.

"யாரும் வரலீங்கய்யா."

எனக்கு வாய் வந்திருக்க வேண்டியது அப்போதுதான். வரவில்லை. பயம் என்று சொல்வதா, கூச்சம் என்று சொல்வதா, தெரியாது. வேலை போய்விடும் என்று நினைத்தேனா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். அப்படி நினைக்கவில்லை. அந்த அடுப்படிக்கு இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் காப்பாற்றிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

லொறி வந்தது. மெத்தை போட்டு அவளை ஏற்றினார்கள். ஐயா கடிதத்தை மடித்து முருகையா கையில் கொடுத்தார். லொறி திரும்பி, டிஸ்பென்சரி வளைவில் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் ஓடினேன். செருப்பில்லாமல், கையில் அந்த ஈரத் துணியோடு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. டிரைவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். ஐயா குடையோடு பின்னால் வந்தார்.

"நான்தாங்கய்யா. சனிக்கிழமை போயிருந்தேன். எனக்குத் தடிமல் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி காய்ச்சலும் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐயா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். நிறுத்த அங்கே மேசை இல்லை. மறுபடி நேராகத் திருப்பி, முருகையாவிடம் கடிதத்தை வாங்கி, லொறியின் பக்கப் பலகையில் வைத்து, அடியில் ஒரு வரி எழுதினார். நான் குடையைப் பிடித்தேன். முருகையா என்னை ஒரு தரம் பார்த்தார். லொறி போய்விட்டது.

அந்த ஒரு வரி எவ்வளவு உதவியது என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே புளூ மருந்து தொடங்கினார்கள் என்று பின்னால் முருகையா சொன்னார். வரி இல்லாவிட்டாலும் தொடங்கியிருக்கலாம். தொழிற்சாலையில் இருமியவர்களும் இருந்தார்கள், முருகையாவே கொண்டுவந்திருக்கலாம். இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்பென்சரிக்குத் திரும்பினதும் ஐயா வாங்கில் இருந்த மற்றவர்களைப் பார்த்து அனுப்பினார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு வாங்கில் உட்காரச் சொன்னார். என் கக்கத்தில் தர்மாமீட்டரை வைத்தார். பதிவுப் புத்தகத்தை என்னிடம் தராமல் தானே எழுதினார். என் பெயர். என்ன சீக்கு என்ற இடத்தில், மழைத் தடிமல். ஓய்வு, ஐந்து நாள். துண்டு எழுதிக் கையெழுத்து வைத்து என்னிடம் நீட்டினார்.

"மழைத் தடிமலுக்குத் துண்டு..." என்று என் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது.

"இன்னையிலருந்து உண்டு" என்றார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரையும் சொல்லவில்லை.

அந்த ஐந்து நாளும் என் அறையில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாங்கில் ஆட்கள் இருமுவது கேட்கும். ஒருவரும் என் கதவைத் தட்டவில்லை. தட்டக் கூடாது என்பதுதான் மருந்து. ஆனாலும் ஐந்து நாளில் என் குரலை நான் ஒரு தரமும் கேட்கவில்லை என்பது கடைசி நாள்தான் தெரிந்தது.

தனம் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நெஞ்சுச் சளி ஆறிற்று. கையும் பேச்சும் காய்ச்சலோடு போய்க் காய்ச்சலோடு திரும்பின. இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. காய்ச்சல் கிளப்பிவிட்டதில் நோயும் கொஞ்சம் முற்றிவிட்டது என்று கண்டியில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு கைத்தடி. நாற்று மேடை வேலையும் போய்விட்டது.

அவள் வீட்டுக்கு வரும் முன்னே ஐயா ஒரு நாள் லயத்துக்கு ஏறிப் போனார். அவரும் முருகையாவும் சேர்ந்து அந்த ஜன்னலின் சாக்கை எடுத்துவிட்டு, அடித்திருந்த பலகையைக் கழற்றினார்கள். வெளிச்சம் விழுந்ததும் சுவரெல்லாம் எவ்வளவு கரி என்று தெரிந்தது என்று முருகையா பிறகு சொன்னார். டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம், காயம் கட்டும் அறையில், தேயிலையைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் உண்டு. தனம் இனி வாங்கில் உட்காரக் கூடாது, நேரே அந்த ஜன்னலுக்கு வர வேண்டும், காய்ச்சல் தடிமல் இல்லாத ஆள்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'ஜன்னல்' என்று முதலில் எழுதியது ஐயாதான். அதன்பின் மாதா மாதம் நான் எழுதினேன்.

கௌசல்யா, நீ கேட்டது இதைத்தான்.

அடுத்த வருஷம் ஐயா தானே பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு ஹட்டனுக்குப் போய் ஊசி கொண்டுவந்தார். முருகையா தயங்கினார். "காய்ச்சலுக்கு ஊசி போட்டு அந்தக் காய்ச்சலே வந்துட்டா என்னாங்கய்யா செய்றது?"

"இதுல இருக்கிறது செத்த கிருமி. உயிரோட கிருமி உள்ள மருந்தும் இருக்கு. அதுதான் இவங்களுக்கு ஆகாது. இது ஆகும்."

"போட்டா தடிமலே வராதுங்களா?"

"வரலாம். வந்தாலும் ஆள அடிச்சுப் போடாது." பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கையக் காட்டு" என்றார். அவளைச் சுற்றி இருக்கிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கொரோனா வந்தபோது ஊரே மாஸ்க் கட்டியது. தனமும் நானும் அதற்கு முன்பே பழகியிருந்தோம். அவள் தேயிலைப் பக்கம் தடியை ஊன்றி நிற்பாள். நான் உள்ளே. நடுவில் ஜன்னல் கம்பி. மருந்தைக் கொடுத்த பிறகும் கொஞ்சம் பேசுவோம். அடுப்படியில் பேசிய அளவுக்கு வராது. லயத்துக்குப் போவதை நான் விட்டுவிட்டேன். அவள் கூப்பிட்டாள், நான் ஏதாவது சொல்லித் தப்பினேன். "யாரும் வரலீங்கய்யா" என்று அவள் ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் லொறிக்குப் பின்னால் ஓடியதை மெத்தையில் படுத்தபடி அவள் பார்த்தாளா என்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஐயா ஓய்வு பெற்று ஹட்டனில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார். நான் பூண்டுலோயாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தனத்தைப் பார்க்க மூன்று தரம் புறப்பட்டேன். தலவாக்கலையில் ஒரு பஸ், ஹட்டனில் ஒரு பஸ். மூன்று தரமும் தலவாக்கலை பஸ் நிலையத்தில் தொண்டை அரிப்பது போல இருந்தது. திரும்பிவிட்டேன். மூன்று தரமும் வீட்டுக்கு வந்து கக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. மறுநாள் தடிமலும் இல்லை.

மேலே உள்ளதை எழுதி முடித்து, தம்பி மகளை விட்டுப் படம் பிடித்துக் கௌசல்யாவுக்கு அனுப்பினேன். நேற்று அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, அவங்க இன்னைக்கு வந்தாங்க. நான் வந்ததுல இருந்து உக்காருற மாதிரி வாங்குல உக்காரப் போனாங்க. நான் ஓடிப்போய்ப் பின் ஜன்னலுக்கு வரச் சொன்னேன். சிரிச்சாங்க. எந்த அக்கா சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. நீங்க எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். தப்பாக்கா?"

"முழுசுமா?" என்று கேட்டேன்.

"முழுசும். அந்த மூணு தரம் பஸ் ஏறினது வரைக்கும்."

"என்ன சொன்னாங்க?"

"மருந்த வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு எட்டுப் போயிட்டுத் திரும்பி வந்து, 'தடிமல் இருந்தா இருக்கட்டும், அந்த மனுசிய வரச் சொல்லு. டிஸ்பென்சரியில மட்டுமா ஜன்னல் இருக்கு? எங்க காம்பராவுலயும் இருக்குன்னு சொல்லு. நான் உள்ள இருக்கேன். அவங்க வெளிய நிக்கட்டும்'னாங்க."

காலை ஏழே காலுக்குத் தலவாக்கலை பஸ். மாஸ்க்கைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். மழை விடவில்லை. குடையும் எடுத்து வைத்துவிட்டேன், வெளியே நிற்க வேண்டுமே.